கூண்டு ஏறட்டும், பார்க்கலாம்

என் வீட்டுக்காரர் எதற்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் இதை ஒரு பெரிய குணமாக நினைத்துப் பூரித்துப் போயிருக்கிறேன். மற்ற வீட்டு ஆண்கள் எடுத்ததற்கெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் சினிமாவுக்குப் போகலாமா என்றால் 'பாக்கலாம்' என்பார். அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாமா என்றாலும் 'பாக்கலாம்'தான். அந்தப் பாக்கலாமில் ஒன்றுகூட நடந்ததில்லை என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது. படம் தியேட்டரை விட்டுப் போகும்வரை பார்ப்பார். கடைசி பஸ் கிளம்பும்வரை பார்ப்பார். அப்புறம் 'அடடா, போயிடுச்சே' என்று நம்மோடு சேர்ந்து அவரும் வருத்தப்படுவார். வேண்டாம் என்று சொல்கிற ஆளோடு சண்டை போடலாம். நம்மோடு உட்கார்ந்து வருத்தப்படுகிற ஆளோடு என்ன சண்டை போடுவது?

அவர் கடலூரில் கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பது சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவார். மற்ற மாதங்களில் மனிதர் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். ஐப்பசி பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. வங்கக்கடலில் எங்கேயோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னாலே லுங்கி, துண்டு, டார்ச் லைட் எல்லாம் பையில் ஏறிவிடும். புயலுக்கு முன்னால் போவார், சாய்ந்த கம்பமெல்லாம் நிமிர்ந்த பிறகு தாடியும் ஈர நாற்றமுமாகத் திரும்பி வருவார். நடுவில் ஜன்னலுக்குச் சாக்கு அடைத்தது, கூடத்துக்குள் வந்த தண்ணீரை இறைத்தது, பிள்ளையை மேசை மேல் உட்காரவைத்துச் சோறு ஊட்டியது எல்லாம் நான். அதற்காக அவரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஊரே இருட்டில் கிடக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? பெருமையாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால்.

எனக்கும் ஒரு தொழில் இருந்தது. அண்ணாமலை நகரில், யுனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை டைப் அடித்துக் கொடுக்கிற சின்னக் கடை. கடலைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம்தான் வருவார்கள். கடல் தண்ணீரில் உப்பு எவ்வளவு, நண்டு எந்த மாதம் முட்டை விடும், இறால் குஞ்சு எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்று பக்கம் பக்கமாக அடித்திருக்கிறேன். கடலில் நான் கால் நனைத்தது கடலூர் சில்வர் பீச்சில் மட்டும்தான், அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கடலுக்குள் ஒரு தடவை போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததென்றால் அதற்கு அந்தப் பிள்ளைகள்தான் காரணம்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் பெங்களூரில் இருக்கிற எங்கள் மகள், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைக்கலாம் என்றாள். பாக்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார், பிறந்தநாள் போயே போய்விட்டது. மகளுக்குக் கோபம் வந்தது. கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் போகிறது, அதில் அப்பாவும் நீயும் மட்டும் போய்வாருங்கள் என்றாள். எந்த மாதம் தோது என்று அவரைக் கேட்கக் கேட்க, பாக்கலாம் பாக்கலாம் என்று அவர் இழுத்ததில் நல்ல மாதங்களில் எல்லாம் இடம் தீர்ந்துபோய், கார்த்திகையில்தான் கிடைத்தது. பால்கனி வைத்த அறை. கடல் தெரியும். மூன்று ராத்திரி கடலிலேயே இருந்துவிட்டுத் திரும்பச் சென்னைக்கே வரும்.

"எங்கயும் போவாதாம். கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு பொறப்பட்ட எடத்துக்கே வருமாம். இதுக்கு நம்ம டவுன் பஸ்ஸே தேவல" என்று அவர் தங்கச்சியிடம் போனில் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் புதுச்சட்டை இரண்டு எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து நான் நம்பினேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், இனிமேல் மழை மாதமும் எனக்குத்தான் என்று நினைத்தேன். அந்தக் கப்பலில் நான் கேட்டது கடலைக்கூட இல்லை. மழை பெய்யும்போது என் பக்கத்தில் என் புருஷன் உட்கார்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். சின்ன ஆசைதான், ஆனால் அதைப் போல மனசார நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னால் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது. டிவியில் அந்தப் பஞ்சுச் சுருள் சுழல ஆரம்பித்தது. போனில் வருகிற தனியார் வானிலைக்காரர்கள் ஆளுக்கொரு ஊரைக் கை காட்டினார்கள். ஒருவர் நாகப்பட்டினம் என்றார், ஒருவர் மரக்காணம் என்றார், கடலூர் என்று சொல்லாதவர் யாரும் இல்லை.

கடலூர்க்காரர்களுக்கு டிவி, போன் எல்லாம் சும்மா. அவர்களுக்குக் கூண்டுதான் பேச்சு. கடலூர் துறைமுகத்தில் கம்பத்தின் மேல் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் என்றால் தூரக்கடலில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். மூன்று என்றால் இங்கேயும் காற்று மழை உண்டு. ஏழு ஏறிவிட்டால் பேச்சே கிடையாது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்குள் அடையவேண்டியதுதான். கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவதா, பெண் பார்க்கப் போவதா, முந்திரித் தோப்புக்கு ஆள் விடுவதா என்று எதையும் அந்த ஊரில் கூண்டைக் கேட்டு முடிவுசெய்கிற குடும்பங்கள் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். அவர் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது துறைமுகத்துக்குப் பக்கத்தில் முதுநகரில். அவள் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்து, காலையும் மாலையும் அண்ணனுக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்லிவிடுவாள்.

"ஒண்ணுதாண்ணே" என்றாள் முதல் நாள்.

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "ஒண்ணுக்கெல்லாம் பயந்தா ஆவுமா? ஏறட்டும், பாக்கலாம்" என்றார்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. அந்தக் கூண்டு கடலூர்த் துறைமுகத்தில் இருக்கிற கப்பலுக்கும் படகுக்கும் சொல்கிற சேதி. நாங்கள் ஏறப்போகிற கப்பல் நின்றுகொண்டிருந்தது சென்னையில். கடலூர்க் கூண்டில் எந்த எண் இருந்தால் அதற்கென்ன? இந்தச் சின்ன விஷயம் எங்கள் வீட்டில் யார் மண்டையிலும் ஏறவில்லை. அவரை மட்டும் சொல்வானேன், இரண்டு நாள் நானும் அந்தக் கூண்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமி உத்தரவு கொடுக்கிற மாதிரி முதுநகரிலிருந்து எண் வரும், நாங்கள் பெட்டியில் ஒரு துணி வைப்போம். எண் ஏறினால் ஒரு துணி வெளியே வரும்.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பயம்தான். புயல் கிடக்கிற கடலுக்குள் வலியப் போய் இறங்குவது மூளை உள்ளவர்கள் செய்கிற காரியமா என்று எனக்கே தோன்றியது. எதிர்வீட்டு அம்மா, ரிட்டயர்டு டீச்சர், எங்கள் வீட்டுக் கேட்டில் கை வைத்துக்கொண்டு 'உசுரை விடவா டூரு' என்று கேட்டுவிட்டுப் போனார். மகள் ஒரு பக்கம், கப்பல்காரர்கள் கோடிக்கணக்கான பொருளைக் கொண்டுபோய்ப் புயலில் விடுவார்களா, அவர்களுக்கு இல்லாத அக்கறையா உனக்கு என்றாள். இரண்டும் சரி போலத்தான் இருந்தது. நான் அவரிடம் நேராகவே கேட்டேன். போகவேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்துவிடுகிறேன், மனசு அடங்கிவிடும். போகலாம் என்றால் கிளம்பலாம், செத்தால் சேர்ந்தே சாகலாம் என்றேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தங்கச்சி போன் வரட்டும் என்றார்.

மறுநாள் கூண்டு மூன்று ஏறியது. அன்று மத்தியானமே கப்பல்காரர்களிடமிருந்து சேதி வந்தது. புயலுக்கு முன்னாலேயே ஆழ்கடலுக்கு விலகிப் போவதற்காகக் கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பும், எல்லாரும் நாளை மறுநாள் காலைக்குள் துறைமுகம் வந்துவிடவேண்டும் என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. புயல் வருகிறது என்று இவர் உட்கார்ந்து பார்க்கிறார். புயல் வருகிறது என்பதற்காகவே கப்பல்காரன் சீக்கிரம் கிளம்புகிறான். கூண்டு ஏழு ஏறும்வரை நாங்கள் காத்திருந்தால் கப்பல் எங்களுக்காகக் காத்திருக்காது, பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. அதற்குப் பிறகு இவர் வேண்டாம் என்று சொல்லவேண்டிய அவசியமே வராது. 'அடடா, போயிடுச்சே' என்று சொன்னால் போதும்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக இந்த ஆளுக்கு மழையும் காற்றும் அடியாள் வேலை பார்த்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று இவர் வாயால் சொல்லவேண்டியதை எல்லாம் வானம் சொல்லியிருக்கிறது. இவர் கையில் ஒரு பொட்டு ரத்தம் கிடையாது.

நாளைக்குக் காலையிலேயே கிளம்பிவிடலாம், சென்னையில் என் தம்பி வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம் என்றேன். அதற்கு அவர் சரி என்றார். பாக்கலாம் என்று சொல்லவில்லை, சரி என்றார். முதுநகரில் தங்கச்சி வீட்டு மொட்டை மாடித் தகரத்தை மட்டும் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வருகிறேன், அவள் ஒண்டியாக இருக்கிறாள், நான் முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன், நீ பெட்டிகளை எடுத்துக்கொண்டு பின்னால் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, அங்கிருந்து சேர்ந்து போகலாம் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாத்தனாருக்குப் புருஷன் இல்லை, மகன் வெளிநாட்டில். நானும் மண்டையை ஆட்டினேன்.

மறுநாள் அவர் போன பிறகு வீட்டைப் பூட்டுகிற வேலை இருந்தது. டாங்க்கில் தண்ணீர் நிரப்பி, மின்சாரச் சாமான்களின் பிளக்கை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஃப்ரிட்ஜில் இருந்த பாலை எதிர்வீட்டில் கொடுத்தேன். அந்த அம்மா பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் பிடித்தேன். மழை இன்னும் கனக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் சேற்று நிறமாகக் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் ஒரு பக்கம் காற்று பஸ்ஸைத் தள்ளியது. கண்டக்டர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, சாயங்காலத்துக்கு மேல் வண்டி ஓட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக டிரைவரிடம் சத்தமாகச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்களில் பெட்டியோடு இருந்தவள் நான் ஒருத்திதான். எல்லாரும் வீடு திரும்புகிறவர்கள். ஒரு பெண் என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, எங்கேயாவது துக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கப்பல் டூர் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் இல்லை. போன் எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் பாதிக் கதவை இறக்கிவிட்டு மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தார். சென்னை வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நான் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அண்ணன் வந்ததும் வராததுமாகத் தகரத்தைக் கட்டிவிட்டு அப்போதே கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். கூண்டு இன்னும் மூன்றுதான் அண்ணி, ஏறவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். எங்கே கிளம்பினார் என்று கேட்டேன். ஆபீஸ் பக்கம் போவதாகச் சொன்னார் என்றாள். அவள் குரலில் இது என்ன கேள்வி என்பது போல ஒரு சலிப்பு இருந்தது. புயல் வருகிறது, அண்ணன் ஆபீஸுக்குப் போகிறார். அவளுக்கு இதில் என்ன அதிசயம்?

ஆட்டோ பிடித்து அவர் வேலை பார்த்த சப்-ஸ்டேஷனுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் அவருக்காக நானே வாதாடிக்கொண்டு போனேன். ஏதோ அவசரமாகக் கூப்பிட்டிருப்பார்கள். ஆள் பற்றாக்குறையாக இருக்கும். எங்கே எந்த லைன் போகிறது என்று கேட்டிருப்பார்கள். முடியாது என்று சொல்கிற குணமா அவருக்கு? அப்படி இருந்தால் நான் விட்டுவிடுவேன், நிச்சயமாக விட்டுவிடுவேன், பெட்டியோடு சிதம்பரத்துக்கே திரும்பிவிடுவேன் என்று நினைத்தேன்.

உள்ளே மஞ்சள் கோட்டு போட்ட பையன்கள் லாரியில் கம்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மரம் அறுக்கிற மிஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஷெட்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் குடை, கையில் பேப்பர் கப்பில் டீ. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவரைத் தாண்டிப் போகிறவர்கள் காலை இடித்துக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு லாரியையும் பார்த்து, தானே ஏற்றி அனுப்புகிற மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே பொறுப்பில் இருந்த இளவட்ட எஞ்சினியர் என்னையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டு ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கவனித்தேன்.

"சாரை நாங்க யாரும் கூப்புடலம்மா" என்றார். "வூட்டுக்குப் போங்க சார், மழையில நனையாதீங்கன்னுதான் வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கோம். நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க."

கூப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லை நான் எதிர்பார்க்கவே இல்லை. கூப்பிட்டுப் போயிருந்தால் அது வேலை. கூப்பிடாமல் போனால் அதற்கு என்ன பெயர்? அப்படியானால் இத்தனை வருஷமும் எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எத்தனை தடவை இவராகவே போனார் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு இனிமேல் பதில் தெரியப்போவதில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது, அதை மழையில் துடைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். கடைசி வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டேன்.

"இவனுங்களுக்கு புயல்னா என்னான்னே தெரியாது" என்றார். "இன்னும் கூண்டு மூணுலதான் இருக்குது. கொஞ்ச நேரம் ஆவட்டும், பாக்கலாம்."

"நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்றேன். "நான் போறன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க போவ? ஒண்டியாவா?"

அவருடைய பெட்டியை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், நனையாமல், ஷெட்டுக்குள் தள்ளி வைத்தேன். என் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கூப்பிடுவார் என்று ஆட்டோ கேட்டைத் தாண்டும்வரை கழுத்தைத் திருப்பாமல் காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான் திரும்பி வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

கப்பலில் ஏறினேன். ஏறியதும் எனக்கு வீரம் வந்தது, விடுதலை வந்தது என்றெல்லாம் எழுதினால் படிப்பதற்கு நன்றாக இருக்கும். வாந்திதான் வந்தது. முதல் நாள் முழுக்கக் கப்பல் ஆடிய ஆட்டத்தில் தலையைத் தூக்க முடியவில்லை. அறை சுத்தம் செய்ய வந்த பெண் இரண்டு துண்டு, இரண்டு தலையணை, இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு, சார் எங்கே என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்காமல் எல்லாவற்றிலும் ஒன்று குறைத்து வைத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் எனக்குக் கொடுத்த மேசை இரண்டு பேருக்கானது. எதிர் நாற்காலியை ஒரு குடும்பம் வந்து, இது வேண்டுமா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனது.

இரண்டாம் நாள் மதியம் மழை நின்று நின்று பெய்தது. பால்கனியில் உட்கார்ந்தேன். கரை என்று எதுவும் எந்தப் பக்கமும் இல்லை. தண்ணீர் மேல் மழை விழுவதை அவ்வளவு பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை. கடல் ஒரு இடத்தில் கறுப்பாகவும் பக்கத்திலேயே பச்சையாகவும் இருந்தது, நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி. அழகாக இருந்தது, அதில் பொய் இல்லை. 'தோ பாருங்க' என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பிவிட்டேன். வாய்ப் பழக்கத்தில் வந்ததல்ல, எதையும் பார்த்து அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. ஆனாலும் சொன்னேன். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புயலும் ஏமாற்றிவிட்டது. கரைக்கு வருவதற்கு முன்னாலேயே பலம் குறைந்து, பெரிய மழையாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டதாகச் சென்னையில் இறங்கியதும் தம்பி சொன்னான். கடலூரில் நாலு மரம், சிதம்பரத்தில் தெருவெல்லாம் தண்ணீர், ஒருநாள் கரண்ட் இல்லை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வேலையே வரவில்லை. ஆனால் ஈரத்தில் உட்கார்ந்திருந்ததில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். வீட்டுக்குப் போ அக்கா, அத்தானின் தங்கச்சிதான் வந்து பார்த்துக்கொள்கிறாராம் என்றான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனார் வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

"தெருவுல யாராவது கேட்டா பெங்களூர் போயிருந்தேன்னு சொல்லிடுங்க அண்ணி. பொண்ணுக்கு ஒடம்பு முடியல, அவசரமா போவ வேண்டியதாப் போச்சின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எதற்காக என்று கேட்டேன்.

"எங்கண்ணன் காய்ச்சல்ல கெடக்குது, நீங்க கப்பல்ல உல்லாசமாப் போனீங்கன்னு எப்டி அண்ணி சொல்றது? நாலு பேரு என்னா நெனப்பாங்க?"

ஒரு நோயும் இல்லாமல் கல்லு மாதிரி இருக்கிற என் மகளுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. நான் போகாத ஊருக்குப் போய்வந்துவிட்டேன். போன ஊர்தான் இல்லாமல் போய்விட்டது. அவர் கட்டிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். தங்கச்சி சொன்னது அவருக்கும் தெரியும், அவரும் அதையே வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. கப்பல் எப்படி இருந்தது என்று கேட்பார் என்று கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் நின்றேன். சுக்குக் காப்பி வேண்டும் என்றார்.

அடுப்படிக்குப் போனால் மேடை முழுக்க ஊரார் பாத்திரம். ஒரு வீட்டு ரசம், ஒரு வீட்டுக் கஞ்சி, எதிர்வீட்டு டீச்சரம்மாவின் இடியாப்பம். பொண்டாட்டி ஊரில் இல்லாத ஆம்பளை பாவம் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மழையில் இதே வீட்டில், இதே தெருவில், முழங்கால் தண்ணீரில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒண்டியாக நின்றிருக்கிறேன். ஒரு தம்ளர் வெந்நீர் யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. ஒண்டியாக இருக்கிற பெண் சமாளித்துக்கொள்வாள். ஒண்டியாக இருக்கிற ஆண் என்றால் மட்டும் தெருவே அடுப்பு மூட்டுகிறது. அந்தப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினேன். தேய்த்த தேய்ப்பில் ஒரு டிபன் பாக்ஸின் கைப்பிடி கழன்று வந்துவிட்டது.

காலையில் டீச்சரம்மா தன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போக கேட்டருகே வந்தார். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வாசலில் தேங்கிய தண்ணீரை வெளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அவர் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். நாத்தனார் கூடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டார் டீச்சரம்மா. "பெங்களூர்லயும் மழை ஜாஸ்தியாமே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லார் மானமும் காப்பாற்றப்பட்டுவிடும். டீச்சரம்மாவும் அந்த ஆமாமுக்காகத்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றார், அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம் என்று.

"எம் பொண்ணு நல்லாத்தான் இருக்கா" என்றேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "நான் பெங்களூர் போவல டீச்சர். கப்பல்லதான் போயிட்டு வந்தேன்."

வெளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"சாரு?"

"அவரு வரல. கூப்புட்டேன், வரல. நான் ஒண்டியாதான் போனேன்."

டீச்சரம்மா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டிப் போனார். நான் உள்ளே வந்தேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவர் துண்டை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரர் மாதிரியே இல்லை.

"ஏன் அத சொன்ன?" என்றார். "எனக்குல்ல அசிங்கம்."

"ஆமா" என்றேன். "உங்களுக்குத்தான்."